காவேரி என்ஜின்: சூட்டுக்குக் கொடுத்த விலை

நான் திருவொற்றியூர்ல வளர்ந்தவன். 1955-லயே எங்க ஊருக்கு என்ஃபீல்டு வந்தாச்சு. பக்கத்துல எண்ணூர்ல அசோக் லேலண்ட். அப்பா ஒரு ஃபவுண்டரியில மணல் அச்சு போடுவார். "லாரி என்ஜினையே வார்க்கிறோம், போர் விமான என்ஜினை மட்டும் ஏம்பா வெளியில வாங்குறோம்?"னு சின்ன வயசுல கேட்டேன். "அந்தச் சூட்டைத் தாங்குற உலோகம் எங்கடா இருக்கு?"ன்னார். இன்னைக்குக் கதையே அதுதான்.

முதல்ல மாருத். ஜெர்மானியர் குர்ட் டாங்க் பெங்களூருல வடிவமைச்ச போர் விமானம், 1961-ல பறந்தது. ஒலியைப்போல ரெண்டு மடங்கு வேகம்கிறது இலக்கு. அதுக்கு வேண்டிய ஆர்ஃபியஸ் 12 என்ஜினை உருவாக்கி முடிக்க பிரிட்டிஷ் நிறுவனம் பணம் கேட்டது, டெல்லி கொடுக்கலை. சக்தி குறைஞ்ச ஆர்ஃபியஸ் 703-ஐ மாட்டினோம். மாருத் அந்த வேகத்தை எட்டவே இல்லை.

அடுத்து காவேரி. 1989-ல 382.81 கோடி ரூபாய். 1996 டிசம்பருக்குள்ள முடிக்கணும். பொறுப்பு பெங்களூரு ஜிடிஆர்இ-க்கு. பிறகு மதிப்பீடு 2,839 கோடியாச்சு. 2008-ல தேஜஸ் திட்டத்துலருந்தே காவேரியைப் பிரிச்சாங்க. தேஜஸ் இன்னும் அமெரிக்க ஜிஇ என்ஜின்லதான் பறக்குது.

தொழில்நுட்பம் வளர்ந்தா செல்போன் விலை குறையுது. ஜெட் என்ஜின்ல ஏன் ஏறுது? சூடு கூடினாத்தான் அதே எடையில அதிக உந்துவிசை கிடைக்கும். இன்னைக்கு டர்பைனுக்குள்ள வர்ற வாயு, பிளேடோட உருகுநிலையையும் தாண்டின சூடு. அதனால பிளேடுக்குள்ள மெல்லிய காற்றுப் பாதைகள் வேணும். சாதாரண வார்ப்புல உலோகம் பல மணிகளா உறையும். சூட்டுல அந்த மணிகளோட எல்லையிலதான் விரிசல் விடும். அதனால முழு பிளேடையும் ஒரே படிகமா, உலையிலிருந்து மெதுவா இறக்கி உறைய வைக்கணும். அதைச் செஞ்சு, உடைச்சு, திரும்பச் செஞ்சு கத்துக்கணும். அந்த வித்தையை யாரும் லேசுல விற்க மாட்டாங்க. உயரத்துல சோதிக்கிற வசதியும் இங்கே இல்லாததால, காவேரியை ரஷ்யாவுக்குத் தூக்கிட்டுப் போனோம். 2010-ல ஐஎல்-76 விமானத்துல மாட்டிப் பறக்கவிட்டாங்க.

2021-ல ஹைதராபாத் டிஎம்ஆர்எல், ஹெலிகாப்டர் என்ஜினுக்காக 60 ஒற்றைப் படிக பிளேடுகளை எச்ஏஎல்-க்குக் கொடுத்தது. அப்பா கேட்ட உலோகம் வந்தாச்சு. ஆனா நாம கத்துக்கிட்டிருந்த காலத்துல மத்தவங்களும் சும்மா இருக்கலையே, இலக்கு தள்ளிப் போயிடுச்சு. மாருத் காலத்துல மிச்சம் பிடிச்ச பணத்துக்கு இன்னமும் வட்டி கட்டிக்கிட்டிருக்கோம்னுதான் எனக்குத் தோணுது.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.