மூச்சுக்குழாயில் ஒரு குழல்: இப்னு ஸீனாவின் குறிப்பும் பிந்திய வரலாறும்

“வாப்பாக்கு டியூப் போட்டிருக்காங்களாம்.” கொவிட் காலத்தில் நம்மில் பல வீடுகள் தொலைபேசியில் கேட்ட செய்தி இது. கேட்டவர்கள் துஆவுக்குக் கை உயர்த்தினார்கள். அந்த டியூப் எப்படி வந்தது என்று விசாரிக்க அப்போது யாருக்கு மனம் இருந்தது? இன்று விசாரித்தால், “அது நம்ம இப்னு ஸீனா கண்டுபிடிச்சதுதானே” என்று சட்டெனப் பதில் சொல்பவர்கள் உண்டு. இப்பதிலில் உண்மை எவ்வளவு?

இப்னு ஸீனா (கி.பி. 980–1037) தமது ‘அல்-கானூன் பித் திப்’ நூலில், தொண்டை அடைபட்டு மூச்சுத் திணறும் நோயாளிக்கு, தேவைப்பட்டால் பொன், வெள்ளி போன்றவற்றாலான குழலைத் தொண்டையினுள் செலுத்தி மூச்சுக்கு உதவலாம் என்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய இக்குறிப்பு நாம் பெருமைப்படத் தக்கதே. ஆனால், இன்றைய சிகிச்சை முழுவதும் அதற்குள் அடங்கிவிடாது.

அந்தலுஸில் வாழ்ந்த அஸ்-ஸஹ்ராவியையும் இங்கு நினைக்க வேண்டும். கத்தியால் தன் கழுத்தை அறுத்துக்கொண்ட ஒரு பணிப்பெண்ணிடம் அவரை அழைத்துப் போனார்கள். காயத்தின் வழியே காற்று வெளியேறிக்கொண்டிருந்தது. அவர் தைத்தார், அவள் பிழைத்தாள், குரல் மட்டும் கரகரத்தது. மூச்சுக்குழாயில் பட்ட வெட்டு ஆறக்கூடியது என்று அதிலிருந்து முடிவு செய்தார். அதே வேளை, தொண்டையைத் திறக்கும் சிகிச்சையைத் தம் நாட்டில் எவரும் செய்யக் கண்டதில்லை என்றும் எழுதிவைத்தார். பின்வந்த இப்னு ஸுஹ்ர், ஓர் ஆட்டின் மூச்சுக்குழாயை வெட்டி, அது ஆறுவதைச் சோதித்தே பார்த்தார்.

வாய் வழியே குழல் செலுத்துவதில் பெரிய சிக்கல், வழி தெரியாமைதான். உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் முன்னும் பின்னுமாக ஒட்டிக் கிடக்கின்றன. குழல் மாறிப் போனால் காற்று வயிற்றுக்குப் போகும். சில நிமிடங்களில் உயிர் போய்விடும். 1854இல் மனுவேல் கார்ஸியா என்ற சங்கீத ஆசிரியர், சூரிய ஒளியையும் இரு கண்ணாடிகளையும் கொண்டு தன் குரல்நாண்களைத் தானே பார்த்தார். 1878இல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கீவன், விரலால் தடவியே குழலை உள்ளே செலுத்தி, அதன் வழியே மயக்க மருந்து கொடுத்தார். 1895இல் பெர்லினில் அல்பிரட் கேர்ஸ்டைன், குரல்வளையை நேராகப் பார்க்கும் கருவியைச் செய்தார்.

முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த படைவீரர்களுக்கு முகமூடி வைத்து மயக்கம் கொடுக்க முடியவில்லை. இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் மகில், ரௌபொதம் என்ற இரு டொக்டர்களும் இறப்பர் குழாய்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது அவர்களுக்காகத்தான். 1928இல் கீடலும் வாட்டர்ஸும், குழாயின் நுனியருகே ஊதிப் பெருக்கும் சிறு பையைச் சேர்த்தார்கள். காற்றுக் கசியாமலும், வயிற்றிலிருந்து வருவது நுரையீரலுக்குள் இறங்காமலும் அது தடுத்தது. 1943இல் ஒக்ஸ்போர்டில் ரொபர்ட் மெக்கின்டொஷ் அமைத்த வளைந்த அலகுடைய லெரிங்கோஸ்கோப் இன்றும் பாவனையில் உள்ளது.

இன்று டொக்டர் அதை இடக்கையில் பிடித்து, நாக்கை ஒதுக்கித் தூக்கி, குரல்நாண்கள் கண்ணில் பட்ட பின் அவற்றின் நடுவே குழாயைச் செலுத்துகிறார். வளர்ந்தவர்களுக்கு உள்விட்டம் பெரும்பாலும் 7 முதல் 8 மில்லிமீற்றர். பிறகு பையை ஊதி, வெளிவரும் மூச்சில் காபனீரொட்சைட் இருக்கிறதா என்று கருவியில் பார்க்கிறார். அது தொடர்ந்து தெரிந்தால்தான் குழாய் உரிய இடத்தில் இருக்கிறது என்று நம்புவார்.

ஆக, இப்னு ஸீனாவின் குறிப்புக்கும் அந்த டியூபுக்கும் இடையில் பல நாட்டார், பல சமயத்தார் உழைப்பு இருக்கிறது. எல்லாவற்றையும் நாமே செய்தோம் என்று எழுதுவதும், நம்மவர் பங்கை மறைத்து எழுதுவதும் ஒரே வகைப் பிழைதான். காணாததைக் காணவில்லை என்றே எழுதிவைத்தார் அஸ்-ஸஹ்ராவி. அவருடைய பெயரைச் சொல்லி எழுதும் நாமும் அந்த நேர்மையையே கைக்கொள்ள வேண்டும்.