சிவப்புப் பெருமீன்களும் மீப்பெருமீன்களும்

மையத்திலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்தபின், அம்மையம் சுருங்கிச் சூடேற, புறவடுக்குகள் பன்மடங்கு விரிந்து குளிர்ந்து, ஆயுளின் பிற்பகுதியை அடைந்த நட்சத்திரங்கள் இப்பெயர்களால் வழங்கப்பெறும். சூரியனின் மேற்பரப்பு உஷ்ணம் ஏறத்தாழ 5,800 கெல்வினாயிருக்க, இவற்றினது பெரும்பாலும் 3,000 முதல் 4,500 வரையே ஆயினும், பரப்பின் விசாலத்தால் இவை சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கும், மீப்பெருமீன்களாயின் பல்லாயிரம் மடங்கும் மிகுதியாகப் பிரகாசிக்கின்றன.

தென்தமிழ்நாட்டுக் கயத்தாற்றின் கரிசல் வெளியில் நிற்பவர் இவ்வினத்தின் தலையாய மூன்றையும் வெறுங்கண்ணாலேயே காணலாம். அவ்வூர் ஏறத்தாழ 9 பாகை வட அட்சத்திலும், திருவாதிரை என்னும் மீப்பெருமீன் வானநடுக்கோட்டுக்கு வடக்கே 7 பாகைக்குச் சற்று மிகையாகவும் அமைந்திருத்தலால், மார்கழி, தை இரவுகளில் அது உச்சந்தலைக்கு ஏறக்குறைய நேராகவே கடந்து செல்லும். அதற்கு முன்னே செல்லும் ரோகிணி, சூரியனைப்போல் 40 மடங்குக்கு மேல் விட்டமுடைய பெருமீன். ஆனி, ஆடியில் தென்வானில் சிவக்கும் கேட்டையோ, சூரியனின் ஸ்தானத்தில் வைக்கப்படின் செவ்வாயின் பாதையையும் விழுங்கத்தக்கது.

தமிழ்நாட்டில் இவ்வினத்தின் நவீன ஆராய்ச்சி வரலாறு சென்னை நுங்கம்பாக்கத்தில் தொடங்குகிறது. 1792-இல் அங்கு அமைந்த கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாய்வுக்கூடத்தில், நார்மன் போக்ஸனின் கீழ் உதவியாளராயிருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, நட்சத்திரப் பட்டியலுக்காக மீன்களின் நிலைகளைப் பொறுமையோடு அளந்துவருகையில், 1867-இல் தென்கோடி வானத்து மீனொன்றின் ஒளி மாறுவதைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி எனப்படும் அது, சுமார் 278 நாட்களுக்கொருமுறை ஒளி பெருகிக் குன்றும் துடிப்புடைய செம்பெருமீன். 1872-இல் லண்டன் ராயல் வானியற் கழகத்தில் இடம்பெற்ற இப்பெரியார் 1880-இல் மறைந்தார்; இவர் பெயரைத் தமிழ் மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

1920-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் மைக்கேல்சனும் பீஸும் திருவாதிரையின் விட்டத்தை ஒளியலைக் குறுக்கீட்டால் அளந்தனர். சூரியனல்லாத நட்சத்திரமொன்று அங்ஙனம் அளக்கப்பட்டது அதுவே முதன்முறை.

விட்டம் இவ்வாறு அளக்கப்பட, இவற்றின் தூரத்தை அறியும் உபாயங்களுள் மிக அழகியதொன்று வானியலாளர் வேணு பாப்புவின் பங்கால் கிட்டியது. குளிர்ந்த மீன்களின் நிறமாலையில், கால்சியத்தின் கே என்னும் இருண்ட கோட்டின் நடுவே மெல்லியதோர் ஒளிக்கீற்று தோன்றும். மீனின் உண்மைப் பிரகாசம் மிகமிக அக்கீற்று அகலும். ஆகவே அகலத்தை அளந்தால் உண்மைப் பிரகாசமும், அதனைக் கண்ணுக்குத் தோன்றும் பிரகாசத்தோடு ஒப்பிட்டால் தூரமும் புலப்படும். ஓலின் வில்சனும் பாப்புவும் 1957-இல் வெளியிட்ட இவ்விதி அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. இதே கால்சியக் கோட்டில் சூரியனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கமுதல் படம்பிடித்துவந்த கொடைக்கானல் ஆய்வுக்கூடத்துக்கு 1960-இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற பாப்பு, சவ்வாது மலைக் காவலூரில் புதிய நிலையத்தையும் உருவாக்கினார். அங்கு 1986-இல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

எடை குறைந்த பெருமீன்கள் புறவடுக்குகளை உதிர்த்து வெண்குறுமீன்களாக ஒடுங்கும். சூரியனைப்போல் எட்டு மடங்குக்கு மேல் எடையுடன் பிறந்தவை பெரும்பாலும் மீப்பெருமீன்களாகி வெடித்தழியும். 2019-இன் இறுதியில் திருவாதிரை வெறுங்கண்ணுக்கே தெரியுமாறு மங்கியபோது, வெடிப்பு நெருங்கிற்றோ எனப் பலர் ஐயுற்றனர். அது வீசியெறிந்த வாயு குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்ததே காரணமென்று பின்னர் தெளிவாயிற்று. சில திங்களில் அது பழைய ஒளியை மீண்டும் பெற்றது.