ஊடுருவல் சோதனைகளால் மண்ணின் விறைப்பை மதிப்பிடல்

தகைவுக்கும் அதனால் விளையும் திரிபுக்கும் உள்ள விகிதமான மீட்சிக் குணகத்தால் அளக்கப்படும் மண்ணின் விறைப்பு, அடித்தளத்தின் அமிழ்வைக் கணக்கிட இன்றியமையாதது. மணலைக் குலையாத மாதிரியாக எடுப்பது அரிது என்பதால், அதன் குணகம் பெரும்பாலும் களச் சோதனைகளிலிருந்தே உய்த்துணரப்படுகிறது.

செந்தர ஊடுருவல் சோதனையில் 63.5 கிலோ சம்மட்டி ஏறத்தாழ 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழுந்து, ஆழ்துளையின் அடியில் வைத்த பிளவுக் குழாயை 45 செ.மீ. இறக்குகிறது. துளையிடுகையில் கலைந்த முதல் 15 செ.மீ. விலக்கப்பட்டு, எஞ்சிய 30 செ.மீ.க்கான அடிகளின் எண்ணிக்கை 'என்' மதிப்பாகிறது. சம்மட்டியின் ஆற்றல் கருவிக்குக் கருவி வேறுபடுவதால், இம்மதிப்பு வழக்கமாகக் கோட்பாட்டு ஆற்றலின் 60 விழுக்காட்டுக்கு ஈடாகத் திருத்தப்படுகிறது. 'என்' மதிப்பிலிருந்து குணகத்தைப் பெறப் பொறியாளர் போல்ஸ் தந்துள்ள 500 (என் + 15) கிலோபாஸ்கல் என்னும் தொடர்போ 55 விழுக்காட்டு ஆற்றலுக்குத் திருத்திய மதிப்பைக் கொள்வது. இயல்பாக இறுகிய மணலுக்குரிய அதன்படி, 'என்' 20 எனில் குணகம் 17.5 மெகாபாஸ்கல் ஆகும்.

கூம்பு ஊடுருவல் சோதனையில், நொடிக்கு 2 செ.மீ. வேகத்தில் அழுத்தப்படும் கூம்பின் முனைத்தடை தொடர்ச்சியாகப் பதிவாகிறது. பொறியாளர் ஷ்மெர்ட்மனின் 1978ஆம் ஆண்டு முறைப்படி அதைச் சதுர அடித்தளத்துக்கு 2.5ஆலும் நீள்பட்டை அடித்தளத்துக்கு 3.5ஆலும் பெருக்கிக் குணகம் பெறப்படுகிறது.

ஊடுருவல் மண்ணை முறிவு வரை கொண்டுசெல்ல, அடித்தளமோ சிறு திரிபையே விளைவிப்பதால், இத்தொடர்புகள் பட்டறிவு சார்ந்தவை. முன்பே மிகையாக இறுகிய மணலின் விறைப்பை இவை குறைத்துக் காட்டக்கூடும், களிமண்ணுக்கோ ஆய்வக இறுகல் சோதனையே ஏற்றது.