ஐந்தாம் வகுப்பு வாங்கில்

சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அதிபர்களின் வரிசையும் கட்டடங்களின் வரலாறும் வேறு பக்கங்களில் இடம்பெறுகின்றன. நாம் இங்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரேயொரு வகுப்பை. அரிவரியில் தொடங்கி ஐந்தாம் வகுப்பு வரை வந்த பிள்ளை அங்கே எதைக் கற்றாள், அதன்பின் எங்கே போனாள் என்று பார்த்தால் எமது பாடசாலையின் கதையில் பாதி தெரிந்துவிடும்.

எங்கள் பேத்திமார் பலருக்கு ஐந்தாம் வகுப்பே கடைசி வகுப்பு. கடிதம் எழுதவும், கணக்குப் பார்க்கவும், பூசைப் புத்தகம் வாசிக்கவும் தெரிந்தால் பெண்பிள்ளைக்குப் போதும் என்பது அக்கால எண்ணம். அந்த அளவு படிப்பும் எளிதில் வந்ததல்ல. 1862ஆம் ஆண்டு திருக்குடும்பக் கன்னியர்கள் யாழ்ப்பாணம் வந்த பின்னரே கத்தோலிக்கப் பெண்பிள்ளைகளின் கல்வி இங்கு ஒழுங்காக வேரூன்றியது. 1868 முதல் 1883 வரை யாழ்ப்பாண ஆயராக இருந்த பொன்ஜீன் ஆண்டகை, சமயப் பாடசாலைகளுக்கும் அரசு உதவி நன்கொடை வழங்க வேண்டும் என்று விடாது வாதாடியவர். 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்ததைத் தொடர்ந்து அந்த நன்கொடை முறை வந்தது.

ஆனால் பணம் சும்மா வரவில்லை. பரிசோதகர் வந்து வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றைச் சோதிப்பார். சித்தியடைந்தோரின் தொகைக்கு ஏற்றபடியே நன்கொடை. பிள்ளை வாய்பாட்டில் தடுமாறினால் பாடசாலையின் வருமானம் குறையும். வாய்பாட்டை இராகம் போட்டுச் சொல்லவைக்கும் பழக்கம் இத்தனை காலம் நீடித்ததற்கு அந்தப் பரிசோதகரும் ஒரு காரணம் என்றே நாம் நினைக்கிறோம். பெண்பிள்ளைகளுக்குத் தையலும் இருந்தது. சங்கிலித் தையலும் தெறி கட்டுதலும் அன்று பொழுதுபோக்கல்ல, பாடம்.

சமய பாடம் என்றால் ஞானோபதேசம். கேள்வியும் மறுமொழியுமாக மனனம் செய்தல். இதில் தலைமுறைகளுக்கு இடையே ஒரு வேடிக்கை உண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை நடந்தது. அதற்குமுன் ஐந்தாம் வகுப்புப் படித்த அக்காமாருக்கு இலத்தீன் பூசை, சேசுநாதர், பிரியதத்த மந்திரம். பின்னர் படித்த தங்கைமாருக்குத் தமிழில் திருப்பலி, இயேசு, மங்கள வார்த்தை. ஒரே வீட்டில் இரவுச் செபமாலை சொல்லும்போது ஒருவர் பழையபடியும் மற்றவர் புதியபடியும் சொல்லி, அம்மா நடுவில் நின்று இருவரையும் ஒரு சீருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

வடமராட்சியில் சைவப் பிள்ளைகளே பெரும்பான்மை. எமது வாங்குகளிலும் அவர்கள் அருகருகே இருந்தார்கள். பெற்றோர் விரும்பாவிடில் பிள்ளையைப் பிற சமய பாடத்திலிருந்து விலக்கிக்கொள்ள 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இடமளித்தது. சட்டம் வாசல்வரைதான் காவல் நிற்கும், காதுக்குக் காவல் ஏது? எங்கள் சைவத் தோழியர் பலருக்கு மரியன்னையின் பாடல்கள் தெரியும், எங்களுக்கும் தேவாரம் தெரியும். சந்நிதி கோயில் கொடியேறும் நாளும் வல்லிபுரக்கோயில் தீர்த்தமும் எங்களுக்கும் நாட்காட்டியில் பார்க்கத் தேவையில்லாதவை. எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதப்படாத இந்தப் பாடத்துக்கே நாம் முதல் மதிப்பெண் கொடுப்போம்.

கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 ஒக்ரோபர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனாமொழியானது. மத்திய கல்லூரிகள் எழுந்தன. ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் திறமை காட்டிய பிள்ளை பணமில்லாமலே அங்கு விடுதியில் தங்கிப் படிக்கலாம் என்ற நிலை பிறந்தது. கடைசி வகுப்பாக இருந்தது வாசலாக மாறியது இப்படித்தான். நெல்லியடி மத்தியும், வடமராட்சி இந்து மகளிரும், பருத்தித்துறை மெதடிஸ்ற் பெண்கள் உயர்தரப் பாடசாலையும் எங்களிற் பலர் அந்த வாசலால் போய்ச் சேர்ந்த இடங்கள்.

1960 டிசெம்பர் முதலாம் திகதி அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையைப் பொறுப்பேற்றது. எங்கள் வீடுகளில் அது பெரிய கவலையாகப் பேசப்பட்டது. கொழும்புப் பக்கத்தில் பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே குடியிருந்து எதிர்த்தார்கள். ஐந்தாம் வகுப்பு வாங்கில் இருந்த பிள்ளைக்கோ பெரிதாக ஒன்றும் மாறவில்லை. சமய பாடமும் நின்றுவிடவில்லை.

1987 மே 26இல் வடமராட்சி இராணுவ நடவடிக்கை தொடங்கியது. யூலை 5ஆம் திகதி நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் இருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. மேற்படிப்புக்கு என்று நாம் கனவு கண்ட அந்தக் கட்டடம் இடிபாடாக நின்றது. 1990க்குப் பின் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தங்கத்தின் விலை. ஜாம் போத்தலில் பஞ்சையும் கொஞ்ச எண்ணெயையும் விட்டு, மெல்லிய திரியில் எரியும் விளக்கைச் சுற்றி நான்கு பிள்ளைகள் படித்தார்கள். 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் வந்தபோது வகுப்பறைகள் வீடுகளாயின. அந்த ஆண்டுகளிலும் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இருந்தவர்கள் எங்களில் உண்டு. அவர்களின் புள்ளிகளை மற்றவர்களின் புள்ளிகளோடு ஒப்பிடுவது நியாயமல்ல.

இன்று தமிழ், கணிதம், சமயம், சுற்றாடல், ஆங்கிலம், சிங்களம் என்று பாடங்கள் பெருகியிருக்கின்றன. பாடநூல்கள் 1980 முதல் இலவசம். ஆனால் 200 புள்ளிகளுக்கான அந்தப் பரீட்சை ஐந்தாம் வகுப்பையே விழுங்கிவிட்டது. பின்னேரம் ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன். ஏழைப் பிள்ளைக்காகத் திறந்த வாசலில் இப்போது காசுள்ளவர்கள் முந்திக்கொண்டு நிற்பதைப் பார்க்க எங்களுக்கு மனம் கசக்கிறது.

ரொறன்ரோவில் வாழும் எங்கள் தோழியரின் பேரப்பிள்ளைகள் கத்தோலிக்கப் பாடசாலையில்தான் ஐந்தாம் வகுப்புப் படிக்கிறார்கள். ஒன்ராறியோவில் அப்பாடசாலைகளின் உரிமையை 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் காத்தது. இன்றும் அவை பொதுப்பணத்திலேயே நடக்கின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கே தொடங்கிய ஏற்பாடு 1960இல் முடிந்தது. அங்கே பிள்ளை மனித உடலின் தொகுதிகளையும் அரசாங்கத்தின் கடமைகளையும் படிக்கிறது, எட்டாம் வகுப்புவரை அதே பாடசாலையில் இருக்கிறது. பத்து வயதில் வாசலும் இல்லை, வரிசையும் இல்லை.

ஐந்தாம் வகுப்புக் கொப்பி, தேர்ச்சி அறிக்கை, தையல் மாதிரித் துணி, வகுப்புப் படம் எதையாவது இடப்பெயர்வுகளிலும் கைவிடாமல் கொண்டுபோனவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அதன் படப்பிரதியொன்றைச் சங்கத்துக்கு அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். படம் என்றால் பின்புறத்தில் வாங்கு வாங்காகப் பெயர்களையும் எழுதுங்கள்.