யாழ்ப்பாணத்துக் கிணறுகள்

கண்டிக்குத் தெற்கே கலஹாவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வாழ்வோர்க்கு நீர் தேடுதல் என்பது பெரும்பாலும் மலையூற்றிற்குப் பீலி வைத்தலேயாம். பள்ளந்தோறும் ஓடை பாயும் இவ்விடத்திலிருந்து நோக்குமிடத்து, ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டார் பல நூற்றாண்டுகளாகப் பயிர் செய்து வாழ்ந்தமை வியப்பாகவே தோன்றும். வழுக்கையாறு என ஒன்று உண்டெனினும், அது மாரியில் மட்டும் ஓடும் வெள்ளவாய்க்காலே. ஆதலின் யாழ்ப்பாண வரலாற்றைக் கிணறுகளிலிருந்து தொடங்குவதே முறை என்பது எம் கருத்து. அரசர் நிரலும் போர்ச்செய்தியும் பின்னர் வரட்டும்.

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். ஐப்பசி முதலாகப் பெய்யும் வடகீழ்ப் பருவமழை அக்கல்லின் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கித் தங்குகின்றது. அதற்கும் கீழே கடலுவர் நிற்கின்றது. நன்னீர் பாரங் குறைந்ததாகலின் உவர்நீரின்மேல் வில்லைபோல மிதக்கும். இதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தராகிய கைபனும், 1901இல் ஜெர்மானியராகிய ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே விளக்கினர். கடன்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது அக்கணக்கு. மேலே 1 அடி குறைந்து அந்நிலை நீடிப்பின், கீழே 40 அடி உவர் ஏறும் என்பதும் அதனுள் அடங்கும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணறு இதற்குக் கண்கூடான சான்று. இராமபிரானோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் அவ்வாழ்கிணற்றில் மேலே நன்னீரும் அடியில் உவர்நீரும் உள.

இந்நீரை அளவோடு எடுக்கச் செய்தது துலா. ஆடுகாலின்மேல் ஏற்றிய நெடுந்துலாவில் ஆள் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பர். கீழே ஒருவர் பனையோலைப் பட்டையைப் பிடித்து நீரைச் சாய்ப்பர். இன்னொருவர் பாத்திக்குப் பாத்தி நீர் மாறுவர். புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் இவ்வுழைப்பின் பயன். மனிதக் கால் சோரும்போது இறைப்பும் நிற்கும், கிணறும் ஊறிக்கொள்ளும். ஒரு கிணற்றைப் பலர் முறைவைத்து இறைத்தனர். நிலவுறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வழி, வாய்க்கால் உரிமையும் சேர்த்தெழுதப்பட்டன.

ஆயின் இப்பங்கீட்டைப் புகழ்வோர் மறைக்கும் பக்கமும் ஒன்றுண்டு. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட மக்கள் பிறர் கிணற்றில் அள்ளுதல் கூடாது. அள்ளி ஊற்றுவார் வருமளவும் குடத்தோடு காத்து நிற்றல் வேண்டும். அக்கிணறு வெட்டக் கல்லுடைத்த கைகளுள் அவர்தம் கைகளும் இருந்திருக்குமன்றோ! சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் தான் வந்தது. வழக்கம் சட்டத்தோடு உடனே ஒழிந்துவிடவில்லை.

அக்காலத்தையொட்டியே எண்ணெயில் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரமும் பரவிற்று. தோள்வலியும் கால்வலியும் நீங்கியது பெருநன்மையே. இயந்திரத்தைப் பழித்துத் துலாவை மீட்கச் சொல்வார் ஒருநாள் துலா மிதித்துப் பார்த்தல் நன்று. எனினும் இயந்திரத்துக்குச் சோர்வில்லை. மிகையாக இறைத்த இடங்களிற் கிணறுகள் உவர்ப்பேறின. செயற்கை உரத்தின் நைத்திரேற்று சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புவழி இறங்கிக் குடிநீரிற் கலந்தது.

மாரிவெள்ளத்தைக் கடலுக்கு விடாது களப்புகளில் மறித்து நன்னீராக்கினால் நிலத்தடி நீரும் பெருகும் என்று பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்னுந் திட்டத்தை வகுத்தார். ஆனையிறவுக் களப்பின் நீரை வடமராட்சிக் களப்புக்குக் கொணர்வது அதன் நடுக்கூறு. சில வேலைகள் நடந்தன, திட்டம் முற்றுப்பெறவில்லை. 2024இல் தாளையடியிலே கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அந்நீர் குடிப்பதற்கே, தோட்டங்களுக்குரிய நீர் இன்றும் கிணற்றிலிருந்தே வருகின்றது.