சாஞ்சித் தூபியும் ‘தானம்’ என்னும் சொல்லும்

1. முன்னுரை

மத்தியப் பிரதேசத்தில் விதிசா நகருக்கு ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் உள்ளது சாஞ்சிக் குன்று. அங்குச் செல்வோர் கண்ணில் முதலிற் படுவன பெருந்தூபியின் அரைக்கோள வடிவமும் அதனைச் சூழ்ந்த நான்கு தோரண வாயில்களுமாகும். அசோகர் காலத்தில் (கி.மு. 3-ஆம் நூற்றாண்டு) செங்கல்லால் எழுப்பப்பட்ட தூபி, அடுத்த நூற்றாண்டில் கல் போர்த்தப்பட்டு ஏறத்தாழ இருமடங்காகப் பெருக்கப்பட்டது. இன்று அதன் விட்டம் 36.6 மீட்டர், உயரம் ஏறத்தாழ 16.5 மீட்டர். தோரணங்கள் கி.மு. முதல் நூற்றாண்டைச் சார்ந்தவை. இவற்றின் சிற்பச் சிறப்புப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். மொழி ஆய்வாளர்க்கோ இவ்விடம் வேறொரு காரணத்தால் முதன்மை பெறுகிறது. சுற்றுவேலியின் தூண்களிலும் குறுக்குக் கற்களிலும் தளக்கற்களிலும் காணப்படும் மிகச் சிறிய கல்வெட்டுகளே பிராமி எழுத்தைப் படிப்பதற்குப் பெருந்துணையாயின.

2. அகழ்ந்தோரும் படியெடுத்தோரும்

1818-இல் டெய்லர் என்னும் படைத்தலைவர் இத்தூபியைக் கண்டு வெளியுலகிற்கு அறிவித்தார். 1822-இல் உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் நோக்குடன் தூபியின் ஒரு புறம் உச்சியிலிருந்து அடிவரை வெட்டித் திறக்கப்பட்டது. பேழை எதுவும் கிடைக்கவில்லை. வெட்டிய பிளவினால் மேற்குத் தோரணமும் வேலியின் ஒரு பகுதியும் சரிந்தன. 1912 முதல் 1919 வரை ஜான் மார்ஷல் மேற்கொண்ட சீரமைப்பினாலேயே தூபி இன்றைய நிலையை எய்தியது.

எட்வர்டு ஸ்மித் என்னும் அலுவலர் எதனையும் தோண்டவில்லை. வேலியில் இருந்த எழுத்துகளைப் படியெடுத்து 1837-இல் கல்கத்தாவிலிருந்த ஜேம்ஸ் பிரின்செப்பிற்கு அனுப்பினார். தூபியின் உள்ளே தேடியவர்க்குக் கிட்டாதது, வெளியே இருந்ததைப் படியெடுத்ததனால் கிட்டியது.

3. படித்தறிந்த முறை

ஒரு சொல்லை ஊகித்ததனால் எழுத்து முழுவதும் ஒரே நாளில் புலப்பட்டது என்று கூறும் வழக்கு உண்டு. அது முழு உண்மையன்று. 1834-இலேயே பிரின்செப் அலகாபாத் தூணின் எழுத்துகளை உயிர்க்குறிகளோடு வகைப்படுத்தியிருந்தார். 1836-இல் கிறித்தியன் லாசன், கிரேக்கமும் பிராமியும் பொறித்த அகதோக்ளிஸ் மன்னனின் காசைக் கொண்டு சில எழுத்துகளை இனங்கண்டார். இத்தகைய முன்முயற்சிகளின் மேலேயே சாஞ்சிச் சான்று வந்து சேர்ந்தது.

சாஞ்சிப் படிகள் பெரும்பாலும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிவதைப் பிரின்செப் கண்டார். துண்டுதுண்டான இவ்வரிகள் தொடர்ந்து செல்லும் ஒரே சாசனமாக இருத்தல் இயலாது. பர்மியப் பௌத்தக் கோயில்களில் அடியார்கள் தாம் அளித்த பொருள்களில் தம் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தை அவர் நினைவுகூர்ந்தார். ஈற்றிரண்டு எழுத்துகளுக்கு முன் பெரும்பாலும் வந்த ‘ஸ’, சௌராட்டிரக் காசுகளின் வழி அவர் முன்பே அறிந்த ஆறாம் வேற்றுமை உருபாகும். ‘இன்னாருடைய’ என்பதை அடுத்து வரும் சொல் ‘தானம்’ ஆகலாம் என ஊகித்தார். முதலெழுத்தின் ஆகாரக் குறியும் இறுதிப் புள்ளியும் அதற்கு இசைந்தன. இதனால் ஒலிப்புடைத் தகரமும் நகரமும் தெளிவுற்றன. விரைவில் தில்லித் தூணும் கிர்நார்ப் பாறையும் படிக்கப்பட்டன.

4. தொடரமைப்பும் மொழிபெயர்ப்பும்

சாஞ்சியில் 800-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. பிக்குகள், பிக்குணிகள், இல்லறத்தார், வணிகர், எழுத்தர் எனப் பலரும் கொடையாளராகக் காணப்படுகின்றனர். சிலவற்றில் ஓர் ஊரே கொடையாளியாகிறது. பெயர், ஊர் அல்லது தொழில், ஆறாம் வேற்றுமை, ‘தானம்’ என்பதே பொது அமைப்பு. வினைச்சொல் இல்லை. கொடுக்கப்பட்ட பொருளின் பெயரும் பெரும்பாலும் இல்லை. எழுத்தைத் தாங்கி நிற்கும் கல்லே அப்பொருள். ‘இத்தூண் இன்னாரால் அளிக்கப்பட்டது’ என்று மொழிபெயர்ப்போர் மூலத்தில் இல்லாத சுட்டையும் வினையையும் சேர்க்கின்றனர். வினையற்ற பெயர்த்தொடர் தமிழுக்கு இயல்பாதலின் ‘இன்னாருடைய தானம்’ என்பதே பொருந்தும்.

தெற்குத் தோரணத்திலுள்ள ஒரு கல்வெட்டு இவ்வமைப்பினின்று வேறுபடுகிறது: ‘வேதிசகேஹி தம்தகாரேஹி ரூபகம்மம் கதம்’. விதிசையைச் சேர்ந்த தந்தவேலைக்காரர்களால் உருவவேலை செய்யப்பட்டது என்பது இதன் பொருள். இங்கு மூன்றாம் வேற்றுமையும் வினையடியாகப் பிறந்த செயப்பாட்டு வடிவும் வந்துள்ளன, ‘தானம்’ இல்லை. அவர்கள் தாமே செதுக்கினரா, செய்வித்தனரா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ‘செதுக்கினர்’ என மொழிபெயர்ப்பவர் தம்மையறியாமலே அவ்வழக்கிற்குத் தீர்ப்பளித்துவிடுகிறார்.

5. முடிவுரை

1851-இல் கன்னிங்காமும் மெய்சியும் மூன்றாம் தூபியைத் திறந்தபோது இரு பேழைகளின் மூடிகளில் ‘ஸாரிபுதஸ’, ‘மஹாமோகலானஸ’ என்னும் சொற்களைக் கண்டனர். உள்மூடிகளில் ‘ஸா’, ‘ம’ என மையால் எழுதிய எழுத்துகளும் இருந்தன. புத்தரின் தலைமாணாக்கர் இருவருடைய எச்சங்கள் அவை என்று அங்கேயே படித்தறிய முடிந்தது. வேலியிலுள்ள எளியோர் பெயர்களை அடுத்து நிற்கும் அதே உருபே பேழைகளிலும் உடைமையைச் சுட்டுகிறது. பொருளின் பெயர் ஈண்டும் சொல்லப்படவில்லை. 1822-இல் இப்பேழைகள் கிடைத்திருப்பின் அவற்றிலுள்ள பெயர்களைப் படிப்பார் எவரும் இருந்திரார்.