ஒரே பழுது, இரு விளைவுகள்

வாயில் மணியின் பொத்தானை அழுத்தினால் மணி ஒலிக்கும். விரலை எடுத்தால் நின்றுவிடும். இது நீங்கள் அறிந்ததே. பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால்? யாரும் அழுத்தாமலே மணி ஓயாது ஒலிக்கும். நம் உயிரணுக்களிலும் இத்தகைய பழுது ஏற்படுவதுண்டு.

'பிரிந்து பெருகு' என்னும் செய்தி, உயிரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளில் தொடங்கி, புரதத்திலிருந்து புரதத்திற்குக் கைமாறி உட்கருவை அடைகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணியே பி-ராஃப் என்னும் புரதம்.

இங்கிலாந்திலுள்ள சாங்கர் நிலையத்தில், புற்றுநோய் உயிரணுக்களின் மரபணுக்களை வரிசையாகப் படித்துப் பழுதுகளைத் தேடும் பெரும்பணி நடைபெற்றது. அதன் முடிவு 2002இல் வெளியாயிற்று. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றுநோயில், 66 விழுக்காட்டுக் கட்டிகளில் பி-ராஃப் மரபணு மாறியிருந்தது. பெரும்பாலும் ஒரே மாற்றம்: புரதத்தின் 600ஆம் இடத்தில் வேலினுக்குப் பதிலாகக் குளூட்டாமிக் அமிலம். இச்சிறு மாற்றத்தால் பொத்தான் சிக்கிக்கொள்கிறது!

மாறிய புரதத்தை அடக்கும் வெமுராஃபெனிப் என்னும் மருந்துக்கு 2011இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மெலனோமா நோயாளிகள் பலரிடம் கட்டிகள் சுருங்கின. பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலரிடமும் இதே மாற்றம் உண்டு. அவர்களிடமோ அம்மருந்து பெரும்பாலும் பலிக்கவில்லை. பழுது ஒன்றாயிருக்க, விளைவு வேறாவது ஏன் என்று நீங்கள் கேட்கலாம்.

2012இல் விடை கிடைத்தது. நெதர்லாந்துப் புற்றுநோய் நிலையத்தில் ரெனே பெர்னார்ட்ஸ் குழுவினர், பெருங்குடல் புற்றுநோய் உயிரணுக்களில் 500க்கு மேற்பட்ட மரபணுக்களின் செயலை அடக்கி, எது அடங்கினால் மருந்து பலிக்கிறது என்று தேடினர். அகப்பட்டது ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஏற்பி. பி-ராஃப் அடங்கியதும் இந்த ஏற்பி விழித்துக்கொண்டு, செய்தியை வேறு வழியாக அனுப்பிவிடுகிறது. மணிக்கு மற்றொரு பொத்தானும் இருந்தது போல! மெலனோமா உயிரணுக்களில் இந்த ஏற்பி மிகக் குறைவு. ஆகவேதான் அங்கு மருந்து பலித்தது. பி-ராஃபையும் ஏற்பியையும் ஒருங்கே அடக்கும் மருந்துக் கூட்டுக்கு, பெருங்குடல் புற்றுநோய்க்காக 2020இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இதற்கிடையே பட்டியலும் வளர்ந்தது. 33 வகைப் புற்றுநோய்களின் 9,125 கட்டிகளை ஆராய்ந்த முடிவு 2018இல் வெளிவந்தது. 10 செய்தி வழிகளில் ஒன்றிலேனும் 89 விழுக்காட்டுக் கட்டிகளில் பழுது காணப்பட்டது. பட்டியல் பழுதைக் காட்டும். ஆனால், அப்பழுது எந்த உயிரணுவில் உள்ளது, அங்கே வேறு எந்த வழிகள் திறந்திருக்கின்றன என்பதையும் அறிந்தால்தான் நோயாளிக்கு ஏற்ற மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.